மான் வேட்டைப் பருவம் முடிந்ததும்: கருவியைக் குறை சொல்லுமுன் பார்க்க வேண்டியவை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் மத்திய பகுதிகளில் துவக்கு கொண்டு மான் வேட்டையாடும் பருவம் பெரும்பாலும் நவம்பரில் வருகிறது. அது முடிந்த மறுவாரமே, நான் வேலை செய்யும் கடையின் திருத்தும் மேசைக்கு ஈரச் சப்பாத்துகளும் மங்கிய பைனாகுலர்களும் வரத் தொடங்கும். கூடவே, "இந்தக் கம்பனிப் பொருளை இனிக் கையாலும் தொடமாட்டேன்" என்ற தீர்ப்பும் வரும். பதினொரு பருவங்களாக இந்தத் தீர்ப்புகளைக் கேட்டும் பொருட்களைத் திறந்து பார்த்தும் வருகிறேன். தீர்ப்புச் சரியாக இருந்த வேளைகளும் உண்டு. ஆனால் ஒரு பொருளைப் பற்றிய கருத்து அநேகமாகப் பருவத்தின் மிக மோசமான ஒரு நாளில், விடியற்கால மழையிலோ உறைபனியிலோ உருவாகிவிடுகிறது. அன்றைக்குக் கெட்டது பொருளா, அதற்குள் இருந்த பற்றரியா, இறுகாத ஒரு திருகாணியா என்பதை அந்தக் குளிரில் நின்று யாரும் ஆராய்வதில்லை.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டியதை இறுதியிலும் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

சப்பாத்துக்குள் கால் நனைகிறது

முதலில் எந்தக் கால், எந்த இடம் என்று பாருங்கள். காலுறையைக் கழற்றியவுடன் கையால் தடவினால் தெரிந்துவிடும்.

*இரண்டு கால்களும் ஒரே அளவில், அடிப்பாதம் முழுவதும் ஈரமாக இருந்தால்*, அது பெரும்பாலும் வியர்வை. இருட்டில் இரண்டு கிலோமீற்றர் விரைந்து நடந்து காத்திருக்கும் இடத்துக்குப் போய், பிறகு நான்கு மணிநேரம் அசையாமல் இருப்பவருக்கு இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு. மெல்லிய காலுறையோடு நடந்து, இடத்தை அடைந்ததும் உலர்ந்த கம்பளிக் காலுறைக்கு மாறிப் பாருங்கள். குறை மறைந்தால் சப்பாத்தில் பிழை இல்லை.

*ஈரம் கணுக்காலிலிருந்து கீழ்நோக்கி இறங்கியிருந்தால்*, தண்ணீர் மேல்வாயால் வந்திருக்கிறது. காற்சட்டையைச் சப்பாத்துக்குள் சொருகியிருப்பார்கள், அல்லது காலுறையின் விளிம்பு வெளியே மடிந்து கிடந்திருக்கும். நனைந்த புல்லைத் தாண்டும்போது துணி திரிபோலத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. காற்சட்டையை வெளியே விடுங்கள். போதாவிட்டால் முழங்காலுக்குக் கீழே கட்டும் மழையுறை ஒன்றை வாங்குங்கள்.

*ஒரு காலில், ஒரே இடத்தில் மட்டும் ஈரம் என்றால்* ஒழுக்கு இருக்கிறது. நன்கு உலர்ந்த சப்பாத்துக்குள் செய்தித்தாளைத் திணித்து, கல்லொன்றைப் பாரமாக வைத்து, பத்து சென்ரிமீற்றர் தண்ணீர் உள்ள வாளியில் அரைமணிநேரம் நிறுத்திவையுங்கள். தாளை மெதுவாக வெளியே எடுத்தால், நனைந்த இடமே ஒழுக்கு இருக்கும் இடம். சிலர் சப்பாத்துக்குள்ளேயே தண்ணீரை நிரப்பி வெளியே எங்கே கசிகிறது என்று பார்க்கிறார்கள். விடை சீக்கிரம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே பஞ்சு வைத்த சப்பாத்து அதன்பின் உலர ஒரு வாரம் எடுக்கும், மணமும் நிற்கும். முழு ரப்பர் சப்பாத்துக்கு இன்னும் எளிய சோதனை உண்டு: இருட்டறையில் உள்ளே விளக்கைப் போட்டு, வளையும் இடங்களை விரித்துப் பாருங்கள். வெடிப்பிருந்தால் ஒளி தெரியும். அந்த வெடிப்பை யூரிதேன் பசையால் நீங்களே அடைக்கலாம்.

தோல் சப்பாத்தின் தையலில் ஒழுக்கு என்றால் தையலுக்குப் பூசும் பசை சில காலம் கைகொடுக்கும். உள்ளே இருக்கும் நீர்புகாச் சவ்வே கிழிந்திருந்தால், திருத்துவதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன். சவ்வைக் கிழிப்பது முள் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உள்ளே தங்கும் மணலும் வெட்டாத கால்நகமும் அதைக் கூடுதலாகத் தேய்க்கின்றன. சப்பாத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டும் பழக்கம் இருந்தால் அது இன்னும் ஓரிரு பருவம் உழைக்கும்.

*அடிப்பகுதி பிஸ்கட் போல உதிர்ந்து கழன்றால்*, அது நடந்து தேய்ந்ததல்ல. நடுஅடியில் உள்ள பொலியூரிதேன் நுரை காற்றின் ஈரத்தால் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சிதைகிறது; பெட்டிக்குள் கிடக்கும் சப்பாத்துக்கும் இதே கதிதான். போன குளிர்காலத்தில் ஒருவர், அபூர்வமாகவே அணிந்த சப்பாத்தின் அடி முதல் நாளே கழன்றதாகச் சொல்லி, கழன்ற துண்டுகளையும் பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். விரலால் நசித்தபோது அவை ஈரமாவாகின. வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மேல்தோல் நன்றாக இருந்தால், புது அடி வைத்துத் தரும் சப்பாத்துத் திருத்துநரிடம் கொடுப்பது இலாபம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கால் நனையவில்லை, ஆனால் விறைக்கிறது

இரண்டு தடித்த காலுறைகளைப் போட்டு நாடாவை இறுக்கிக் கட்டியிருப்பீர்கள். இரத்தம் ஓட இடமில்லாத கால் எந்தச் சப்பாத்திலும் விறைக்கும். ஒரு காலுறையைக் குறைத்து, நாடாவைத் தளர்த்தி, ஒரு காலை மட்டும் அப்படி விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். சப்பாத்தில் எழுதியிருக்கும் 400, 800 என்ற எண்கள் சப்பாத்தின் எடையல்ல. உள்ளே வைத்த வெப்பக்காப்புத் துணியின் ஒரு சதுரமீற்றருக்கான கிராம் அளவு. 400 நடப்பவருக்கு, 800உம் அதற்கு மேலும் உட்கார்ந்திருப்பவருக்கு. நடக்கிறவர் 800ஐ வாங்கி வியர்த்து, அந்த ஈரத்தால் விறைத்து, வெப்பக்காப்புப் போதாதென்று அடுத்த ஆண்டு 1200ஐத் தேடி வருவதை ஒவ்வொரு பருவமும் காண்கிறேன்.

நீர்புகா ஜக்கெற் தண்ணீரை உறிஞ்சுகிறது

உலர்ந்த ஜக்கெற்றின் தோளில் கரண்டியால் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.

*தண்ணீர் முத்தாக உருண்டு ஓடினால்*, வெளித்துணி சரி. ஈரம் கழுத்து, மணிக்கட்டு, சிப் வழியாக வந்திருக்கலாம், அல்லது உள்ளிருந்து வந்த வியர்வையாக இருக்கலாம். இன்னொரு காரணத்தை நான் இரண்டு பருவம் கழித்தே கண்டுபிடித்தேன். ஒன்ராறியோவில் துவக்கு கொண்டு மான் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம், அதாவது ஏறத்தாழ 2,580 சதுர சென்ரிமீற்றர், முழு நிறச் செம்மஞ்சள் உடையும் தலையில் செம்மஞ்சள் தொப்பியும் அணிய வேண்டும் என்பது சட்டம். அதற்காக நல்ல ஜக்கெற்றின் மேலே மலிவான கம்பளிநூல் வெஸ்ற் ஒன்றைப் போடுகிறார்கள். அது நாள் முழுவதும் தண்ணீரைக் குடித்து, ஈரப் போர்வையாக ஜக்கெற்றின் மேல் ஒட்டிக் கிடக்கும். உள்ளே எழும் வியர்வையாவி வெளியேற வழியின்றி நீராகிவிடும். பழி ஜக்கெற்றின் மேல் விழுகிறது. நீரை விலக்கும் மெல்லிய வெஸ்ற்றுக்கு மாறிப் பாருங்கள்.

*தண்ணீர் பரவி, துணி கறுத்தால்*, வெளிப்பூச்சு அழுக்கால் மூடப்பட்டிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. இதற்காக ஜக்கெற்றை மாற்ற வேண்டாம். நீர்புகாத் துணிக்கென்று விற்கும் சவர்க்காரத்தால் கழுவி, இருமுறை அலசி, உடையின் பட்டியில் அனுமதி இருந்தால் உலர்த்தியில் மெல்லிய சூட்டில் இருபது நிமிடம் சுழல விடுங்கள். சூடு பட்டால் பழைய பூச்சு பெரும்பாலும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். அதன்பின்னும் பரவினால் தெளிக்கும் பூச்சு ஒரு போத்தல் வாங்குங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தை மட்டும் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். வெள்ளையை வெள்ளையாக்கும் ஒளியூட்டி சேர்த்த சாதாரணச் சவர்க்காரமும் வேண்டாம்: மானுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் மங்கலாகவே தெரியும், ஆனால் நீலப் பக்க ஒளி அதன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்; ஒளியூட்டி அந்தப் பக்கத்தில்தான் உடையை மினுங்க வைக்கிறது.

*உட்புறம் குமிழிகளாக எழும்பி, தோல்போல உரிந்தால்*, சவ்வு துணியிலிருந்து பிரிந்துவிட்டது. இதற்குத் திருத்தம் இல்லை. உத்தரவாதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விறகு வெட்டும் வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பைனாகுலர் அல்லது ஸ்கோப் (துவக்கின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) மங்குகிறது

விரலால் ஒருமுறை மெதுவாகத் துடையுங்கள். விரல் போன கோடு தெளிந்தால் மங்கல் வெளியே, தெளியாவிட்டால் உள்ளே. மங்கல் வெளியே என்றால் காரணம் உங்கள் மூச்சு, அல்லது ஜக்கெற்றுக்குள் அணைத்து வைத்திருந்த ஈரம். பைனாகுலரை ஜக்கெற்றுக்கு வெளியே தொங்கவிட்டுக் குளிருக்குப் பழக விடுங்கள். வீடு திரும்பியதும் உறைக்குள் மூடிவைத்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

மங்கல் உள்ளே என்றால், அடைக்கப்பட்டிருந்த நைதரசன் வாயு வெளியேறி ஈரக்காற்று புகுந்திருக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப்புகாப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் மங்கல் போகலாம். ஆனால் காற்று புகுந்த வழி அங்கேயே இருப்பதால் அடுத்த குளிரில் திரும்பவும் வரும். இந்த இடத்தில் திருத்தும் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். திருகாணியைக் கழற்றி உள்ளே துடைக்க முயன்றவர்கள் கொண்டுவந்த பைனாகுலர்களில் கண்ணாடித் தட்டம் கோணலாகி, முன்பைவிடச் செலவு கூடியதைத்தான் கண்டிருக்கிறேன்.

*உருவம் இரட்டையாகத் தெரிந்தால்*, அல்லது பத்து நிமிடத்தில் தலை வலித்தால், முதலில் கண்ணிடை அகலத்தையும் வலது கண்ணுக்கான திருத்த வளையத்தையும் சரிசெய்யுங்கள். ஓர் இரவல் வாங்கல் போதும் அந்த வளையம் நகர்ந்துவிட. அதற்குப் பிறகும் இரட்டை என்றால், விழுந்ததில் உள்ளே பட்டகம் நகர்ந்திருக்கிறது; இது வீட்டில் செய்யும் வேலையல்ல.

*அந்தி நேரத்தில் இருட்டாகத் தெரிகிறது* என்பது குறையே அல்லாமல் இருக்கலாம். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள்: 8×42 என்றால் 5.25 மில்லிமீற்றர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வருகிறது, 10×25 என்றால் 2.5 மட்டுமே. சட்டப்படி வேட்டை நேரம் சூரியன் எழ அரைமணிக்கு முன் தொடங்கி, மறைந்த அரைமணிக்குப் பின் முடிகிறது. சட்டைப்பையில் அடங்கும் பைனாகுலரை அந்த இரண்டு அரைமணிகளை வைத்து மதிப்பிட்டால் அது தோற்கத்தான் செய்யும்.

துவக்கின் குறி விலகிவிட்டது

எதையும் தொடுமுன் துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்டைக் கழற்றி, தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள்.

தோட்டாவை மாற்றினீர்களா? 150 கிரெயின் (தோட்டாவின் எடையளவு) தோட்டாவுக்குச் சரிசெய்த ஸ்கோப், 180 கிரெயினில் வேறிடத்தில் அடிக்கும். அதே எடையிலும் வேறு தயாரிப்பு என்றால் இடம் மாறலாம். இதுதான் அதிகம் காணும் காரணம், செலவும் இல்லை. அடுத்து ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் திருகாணிகள், பின்பு அவற்றுக்குக் கீழேயுள்ள தளத்தின் திருகாணிகள், பின்பு துவக்கின் கட்டையைப் பிடிக்கும் திருகாணிகள். தயாரிப்பாளர் சொன்ன முறுக்களவுக்கு இறுக்கி, தலையின் மேலும் வளையத்தின் மேலும் சேர்ந்தாற்போல நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகாணி சுழன்றிருக்கிறது என்று அடுத்த முறை பார்த்தவுடன் தெரியும்.

அனுமதி பெற்ற சுடுதளத்தில் மூன்று சூடு சுட்டுப் பாருங்கள். *மூன்றும் நெருங்கி, மையத்துக்கு விலகி விழுந்தால்* ஸ்கோப்பின் திருப்பியால், அதாவது குறியை நகர்த்தும் குமிழால், சரிசெய்யலாம். கால் நிமிடக் கோண அளவில் நகரும் ஸ்கோப்பில் ஒரு சொடுக்கு 100 மீற்றரில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். *மூன்றும் சிதறினால்* நல்ல ஸ்கோப் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திச் சோதியுங்கள். அப்போதும் சிதறினால் துவக்குத் திருத்துநரிடம் போங்கள்.

*கடுங்குளிரில் விசையை இழுத்தும் சுடவில்லை என்றால்*, குழாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து ஒரு நிமிடம் காத்திருந்த பின்பே போல்டைத் திறக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் போல்டுக்குள் இறுகிப்போன தடித்த எண்ணெய். வெளியே துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுவது உங்கள் வேலை. போல்டை முழுவதுமாகப் பிரித்துக் கழுவும் பழக்கம் இல்லாதவர் அதைத் திருத்துநரிடம் விடுவது நல்லது. இரண்டாவது முறையும் நடந்தால் எவராக இருந்தாலும் அங்கேதான் போக வேண்டும்.

நெற்றி விளக்கு பாதியில் மங்கி அணைகிறது

அல்கலைன் பற்றரிக்குள் இருப்பது தண்ணீர் சேர்ந்த கரைசல். மைனஸ் 18 பாகைக்குக் கீழே அது வேலைக்கு ஆகாது, அதற்கு முன்பே சோர்ந்துவிடும். மைனஸ் 40 வரை தாங்கும் லித்தியம் பற்றரியைப் போட்டு ஓர் இரவு பாருங்கள், ஆனால் உங்கள் விளக்கு அதை ஏற்கும் என்று கையேட்டில் இருக்க வேண்டும். மின்னேற்றும் வகை என்றால் இரவில் உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உறைநிலைக்குக் கீழே உள்ள கொட்டிலில் மின்னேற்றினால் பற்றரி நிரந்தரமாகக் கெடும். தொடுமுனையில் வெண்பச்சை உப்புப் படிந்திருந்தால் வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்துங்கள். கம்பிச்சுருள் அரித்து உடைந்திருந்தால் புதிய விளக்கு வாங்குவதே மலிவு.

காட்டுக் கமெரா சரியாகப் படமெடுக்கவில்லை

மரத்தில் கட்டிவிட்டால் மிருகம் வரும்போது தானாகப் படமெடுக்கும் கமெரா இது. வாங்கியவர்கள் அதிகம் சண்டை பிடிப்பது இந்தப் பொருளோடுதான். திருப்பிக் கொடுக்க எங்கள் மேசைக்கு வருபவற்றில் பெரும்பான்மை, அரைமணிநேரச் சோதனைக்குப் பிறகு உரியவரிடமே திரும்பிப் போகின்றன.

*பகல் படங்கள் நன்று, இரவுப் படங்கள் கறுப்பு.* பற்றரியை மாற்றுங்கள். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் ஒரே கணத்தில் நிறைய மின்னை இழுக்கும்போது, குளிரில் இருக்கும் அல்கலைன் பற்றரியின் அழுத்தம் சரிந்துவிடுகிறது. வீட்டு மேசையில் மானி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் 1.4 வோல்ற் காட்டும். சுமையில்லாமல் பார்க்கும் அந்த எண் ஏமாற்றும். மின்னேற்றும் நிக்கல் பற்றரி எட்டைப் போட்டால் 12 வோல்ற்றுக்குப் பதிலாக 9.6 தான் கிடைக்கிறது, சில கமெராக்கள் அதை வெறும் பற்றரியாகவே எண்ணும். லித்தியம் போட்ட பின்னும் இரவு முழுக் கறுப்பு என்றால், இருட்டில் கைத்தொலைபேசிக் கமெராவால் அந்த விளக்குகளைப் பாருங்கள். சில தொலைபேசிகள் அகச்சிவப்பை வடிகட்டிவிடும் என்பதால், முதலில் தொலைக்காட்சியின் ரிமோட்டை அதால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். படம் பிடிக்கும் கணத்தில் ஒளி தெரியாவிட்டால் உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகை கெட்டிருக்கிறது, உத்தரவாதத்துக்கு அனுப்புங்கள். சிவப்புப் புள்ளிகூடத் தெரியாத 940 நனோமீற்றர் வகையில் படம் கொஞ்சம் இருண்டு இருப்பது அதன் இயல்பு. பிரகாசம் வேண்டுமென்றால் மங்கிய சிவப்புத் தெரியும் 850 வகையை வாங்கியிருக்க வேண்டும்.

*ஆயிரம் படங்கள், ஒன்றிலும் மிருகம் இல்லை.* உணரி பார்ப்பது மிருகத்தையல்ல, சுற்றுப்புறத்தைவிடச் சூடு மாறுபட்டு நகரும் எதையும். கிழக்கையோ மேற்கையோ பார்க்கும் கமெராவின் முன்னே வெயிலில் சூடேறிய கிளை ஆடினால் போதும். வடக்கைப் பார்க்க வைத்து, முன்னால் ஐந்து மீற்றருக்கு உயரப் புல்லையும் கிளையையும் அகற்றுங்கள். கட்டிய மரம் காற்றில் ஆடினால் தடித்த மரத்துக்கு மாற்றுங்கள்.

*படமே இல்லை.* படம் பதியும் நினைவக அட்டையின் பக்கத்தில் உள்ள சிறிய பூட்டு கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், சென்ற பருவத்தில் நான்கு கமெராக்கள் அதற்காகவே வந்தன. பிறகு அட்டையைக் கணினியிலல்ல, கமெராவிலேயே வடிவமையுங்கள் (format). பழைய கமெராக்கள் பல 32 ஜிகாபைற்றுக்கு மேலான அட்டையை வாசிக்காது. வேறு அட்டையிலும் இதே நிலை என்றால்தான் கமெராவைச் சந்தேகிக்க வேண்டும்.

மர இருக்கை கிறீச்சிடுகிறது

மரத்தில் உயரே கட்டி உட்கார்ந்து காத்திருக்கும் இந்த இருக்கையைத் தரைக்கு இறக்காமல் சோதிக்கக் கூடாது. உலோக இணைப்புகளுக்கு இடையே நைலோன் வாசர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், சத்தம் நின்றுவிடும். பற்றவைத்த இடத்தில் மயிரிழை வெடிப்போ துருக்கோடோ தெரிந்தால் அதைப் பற்றவைப்பவரிடம் கொண்டுபோக வேண்டாம், இருக்கையையே கைவிடுங்கள். ஆண்டு முழுவதும் மரத்திலேயே விட்ட பட்டிகள் வெயிலில் நைந்திருக்கும், அணிலும் கடித்திருக்கும். மரமும் வளர்ந்து அவற்றை இறுக்கியிருக்கும். பட்டியை நகத்தால் கீறினால் தூள் வருகிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் எல்லாப் பட்டிகளையும் மாற்றுங்கள். உடலில் கட்டும் பாதுகாப்புக் கச்சைக்குத் தயாரிப்பாளர் அச்சிட்ட காலாவதித் திகதி உண்டு; ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய கச்சை, திகதி மிச்சமிருந்தாலும் முடிந்துவிட்டது. கழித்த பட்டியையும் கச்சையையும் குப்பையில் போடுமுன் கத்தியால் மூன்று இடத்தில் வெட்டிவிடுங்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்துப்போய் மரத்தில் கட்டிவிடுவார்.